காஸ் சிலிண்டருக்கு மூன்று கோடு, ஒரு பொட்டு

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கதை தொடங்கினால் மறந்துபோவேன்.

டென்மார்க்கில், ரண்டர்ஸ் நகரில் எங்கள் வீட்டுக் காணியில் நிற்கும் கராஜ் நான் கட்டியது. அத்திவாரம் வெட்டியது முதல் ஓடு வைத்தது வரை இந்தக் கைதான். கோயில் மண்டபத்தின் பின்னால் இருக்கும் சமையற்கட்டும் அதன் புகைபோக்கியும் நான் கட்டியவை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருந்து படிக்கப் பதினாறு வாங்கு செய்து கொடுத்தேன். ஒன்றாவது இன்றுவரை ஆடுகிறதா என்று போய் இருந்து பாருங்கள். மூன்று பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கினேன். இவ்வளவையும் செய்தவன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். டெனிஷ் மொழியில் கடிதம் வந்தால் இன்றைக்கும் அதை மகளிடம்தான் நீட்டுகிறேன்.

இந்தத் தொடரில் போன கிழமை எழுதியதை வாசித்துவிட்டு ஓகூஸ் நகரிலிருந்து ஒருவர் தொலைபேசி எடுத்தார். "ஐயா, கல்லும் மரமும்தான் கட்டினீங்களோ, வேறை ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார். இருக்கிறது. ஓகூஸுக்குப் போகும் வழியில் ஒரு வெங்காயக் களஞ்சியத்தின் பின்பக்கம் ஒரு காஸ் கூடு நிற்கிறது. நாலு பக்கமும் கம்பி வலை, மேலே தகரம். பார்த்தால் கோழிக்கூடு என்பீர்கள். அதற்குள் நான் செய்த வேலையைப் பற்றி இதுவரை ஒருவருக்கும் ஒழுங்காகச் சொல்லவில்லை.

விஜயதசமி, கோப்பி இடைவேளை

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. களஞ்சியத்துக்குப் புது ட்ரக் வந்து நாலு நாள்.

பாரம் தூக்கும் வண்டியை இங்கே ட்ரக் என்பார்கள். முன்னால் இரண்டு இரும்பு நாக்கு. ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு காஸ் சிலிண்டரைப் படுக்கவைத்துப் பட்டியால் இறுக்கியிருப்பார்கள். அந்தக் காஸில்தான் வண்டி ஓடும்.

எனக்கு அது வெறும் வண்டியில்லை. பதினொரு வருடம் வெங்காயச் சாக்குக் கட்டும் வரிசையில் குனிந்து நிமிர்ந்த ஆள் நான். வைத்தியர் முழங்கால் இரண்டையும் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிப் பாரம் தூக்கினால் நடக்க மாட்டாய் என்று நேரே சொல்லிவிட்டார். ட்ரக் ஓட்டும் சான்றிதழ் எடுத்து அந்தக் கதிரையில் ஏறிய பிறகுதான் வீட்டுப் படியில் முனகாமல் ஏறினேன். அந்தக் கதிரை போனால் திரும்பவும் சாக்கு வரிசை. வரிசையும் ஏலாது என்றால் வீடு.

சான்றிதழ் எடுத்ததும் சும்மா இல்லை. எழுத்துச் சோதனை. எனக்கு டெனிஷ் வாசிக்க வராது என்று ஆசிரியர் பக்கத்தில் இருந்து கேள்விகளை வாசித்துக் காட்டினார். வகுப்பில் அவர் சொன்னதை எல்லாம் சொல்லுக்குச் சொல் மனதில் வைத்திருந்தேன். இரண்டே இரண்டு பிழை. அந்த இரண்டும் கேள்வியில் இருந்த பிழை என்பது என் கருத்து.

விஜயதசமிக்கு எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். படிக்கிறவன் புத்தகத்தைப் பூசையில் வைப்பான். கார் வைத்திருப்பவன் காருக்குப் பொட்டு வைப்பான். எனக்குப் புத்தகம் இல்லை. ட்ரக் இருந்தது.

எல்லோரும் கோப்பி குடிக்கப் போன நேரம் பார்த்துச் சாப்பாட்டுப் பையிலிருந்து சாமான்களை எடுத்தேன். மனைவி பூமணி சந்தனத்தைக் குழைத்து ஒரு தயிர்க் கோப்பையில் போட்டுத் தந்திருந்தாள். நாலு சில்லுக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தேன். சிலிண்டரின் வயிற்றில் மூன்று விரலால் திருநீறு இழுத்தேன். நடுவில் குங்குமம். மஞ்சள் நிறச் சிலிண்டர், நல்ல உருண்டை. பூசி முடிந்ததும் வசதியான சாமியார் ஒருவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சரிந்து படுத்திருப்பதுபோல இருந்தது.

யோகன் கைகட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றான். என்னோடு வேலை செய்த மற்றத் தமிழன் அவன் ஒருவன்தான். பெந்தெகொஸ்தே சபைக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன், வாய்க்குப் பூட்டு இல்லாதவன்.

"அண்ணை, உவருக்கு என்ன பேர் வைச்சிருக்கிறியள்?"

"பகிடி விடாதை. ஏலுமெண்டால் உன்ரை முறையிலை ஒரு ஜெபம் பண்ணு."

"வண்டிக்குப் பண்ணமாட்டன். ஓட்டுற ஆளுக்கு வேணுமெண்டால் பண்ணுறன். உங்களுக்குக் கொஞ்சம் கூடத் தேவை."

"கடலை வேணுமோ, வேண்டாமோ?"

"படைச்சது எண்டால் வேண்டாம். படைக்க முந்தி எடுத்து வைச்சது கிடந்தால் தாங்கோ."

பூமணி அவனுக்கென்று தனியாக ஒரு கடதாசிச் சரை சுற்றித்தான் அனுப்பியிருந்தாள். அதை எறிந்தேன், பிடித்தான்.

பிறகு தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தினேன்.

ஒரு சுற்றுச் சுற்றியிருப்பேன். பக்கக் கதவால் ஹென்னிங் வந்தார். எங்கள் மேற்பார்வையாளர், ஆறடிக்கு மேல். அவர் கத்தவில்லை. நேரே வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கினார். தட்டு கொதித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் விடவில்லை. அப்படியே கதவைத் தாண்டி மழைக்குள் நடந்து, தூரத்தில் ஈரத் தாரில் வைத்துவிட்டு வந்தார். வந்ததும் சிலிண்டரின் வால்வை மூடினார். பெரிய கதவுகள் இரண்டையும் திறந்தார். தூணில் கொழுவியிருந்த சவர்க்காரத் தண்ணீர்ப் போத்தலை எடுத்துச் சிலிண்டரும் குழாயும் பூட்டும் இடத்தில் தெளித்தார்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு குழாயில் மிச்சமிருந்த காஸ் நுரையைத் தள்ளத் தொடங்கியது. ஒரு குமிழி ஊதியது, உடைந்தது. அடுத்தது அதைவிடப் பெரிதாக ஊதியது.

யோகன் கடலைச் சரையைச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

வெங்காயத்துக்குள் ஒளிந்த வாடை

இந்தக் காஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் மூக்கு பிடிக்கட்டும் என்று ஒரு கெட்ட வாடையைக் கலந்துதான் விற்பார்கள். அழுகின வெங்காயமும் அழுகின முட்டைக்கோவாவும் சேர்ந்த மாதிரி ஒன்று. உலகத்தில் வேறு எந்த இடத்திலும் அது உதவும். கூரை முட்ட வெங்காயம் அடுக்கிய களஞ்சியத்தில் அதை யார் கண்டுபிடிப்பது?

நான் செய்த பிழைகளை ஒளிக்காமல் எழுதுகிறேன். அன்று காலை சிலிண்டர் மாற்றியவன் நானேதான். வெளியேதான் மாற்றவேண்டும் என்று சட்டம். மழை என்று கதவுக்கு உட்பக்கமாக வைத்து மாற்றினேன். பூட்டும் இடத்தில் இருக்கிற சின்ன றப்பர் வளையம் ஒரு பக்கம் விலகியிருந்ததைப் பார்க்கவில்லை. பூட்டிய பிறகு சவர்க்காரத் தண்ணீர் தெளித்துப் பார்க்கவேண்டும். பார்க்கவில்லை, மூக்கு இருக்கிறதுதானே என்று விட்டுவிட்டேன். வண்டியை நிறுத்தினால் சிலிண்டர் வால்வை மூடவேண்டும். மூடவில்லை. இத்தனைக்கும் மேலே கற்பூரம்.

ஹென்னிங் தன் அறைக்குக் கூப்பிட்டார். விரல்களைக் குளிர்ந்த தண்ணீர்க் கோப்பைக்குள் வைத்திருந்தார். அவர் கதைத்தது டெனிஷ். என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

"ராசையா, அது என்ன நெருப்பு?"

"எங்கட சமயம். வண்டிக்கு நன்றி சொல்லுறது."

தண்ணீருக்குள் இருந்த விரல்களைத் திருப்பிப் பார்த்தார்.

"நன்றி சொல்லுறது நல்லது. நெருப்பில்லாமல் சொல்ல ஏலாதோ?"

"ஏலும்."

"அப்ப அடுத்த வருசம் அப்பிடிச் சொல்லு. ஆனா இந்த வருசத்துக்கு நீ ட்ரக்கிலை ஏறேலாது."

என் முழங்கால் இரண்டும் அந்த இடத்திலேயே நோகத் தொடங்கின. சத்தியமாக.

அவர் ஒரு படிவத்தை எடுத்து எழுதினார். எனக்கு டெனிஷ் வாசிக்க வராது என்று தெரிந்து, எழுத எழுதச் சொல்லிக்கொண்டே போனார். முதலில் தன் பெயரை எழுதினார். உள்ளே வைத்துச் சிலிண்டர் மாற்றுவதைப் பார்த்தும் பாராமல் விட்டது தன்னுடைய பிழை என்று எழுதினார். அதற்குக் கீழேதான் என் பெயரும் என் பிழையும். வேறொருவர் என்றால் என் பெயரை மட்டும் எழுதி என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நெகிழும்.

"பின்னுக்கு இருக்கிற காஸ் கூடு குப்பையாக் கிடக்கு," என்றார். "எது நிறைஞ்சது, எது முடிஞ்சது, எது பழுது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அதை நீ பொறுப்பெடு. ஒருத்தரும் பிழை விடேலாதபடி ஒழுங்காக்கு. செய்து காட்டினால் கதிரை உனக்கு."

"செய்யாட்டி?"

"சாக்கு வரிசையிலை ஒரு இடம் இருக்கு."

பள்ளம் தேடும் காஸ்

அடுத்த நாள் கூட்டுக்கு முன்னால் போய் நின்றேன். நிலைமை மோசம். நிமிர்த்தி வைக்கவேண்டிய சிலிண்டர்கள் படுத்துக் கிடந்தன. முடிந்தவை நிறைந்தவற்றுக்கு மேலே சாய்ந்து நின்றன. "முடிந்தது" என்பதே முதலில் பொய். வண்டி நின்றுபோனாலும் சிலிண்டருக்குள் கொஞ்சம் காஸ் மிச்சம் இருக்கும். வால்வை மூடாமல் எறிந்தால் அது மெல்ல மெல்ல வெளியே வரும். ஆட்கள் அதை வெறும் தகர டப்பாபோல எறிந்திருந்தார்கள்.

அதைவிட மோசம் ஒன்று கண்டேன். கூட்டிலிருந்து இரண்டடியில் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்கு ஒரு இரும்பு மூடி. அதற்கு அங்காலே நிலவறையின் ஜன்னல். இந்தக் காஸ் காற்றைவிடப் பாரம். தண்ணீரைப் போலப் பள்ளம் தேடிப் போய்க் கிடக்கும். கானுக்குள் இறங்கினால் கானோடு போகும், நிலவறைக்குள் இறங்கினால் யாராவது லைற் போடும்வரை காத்திருக்கும். கூட்டை அங்கே வைத்தவர் படித்த ஆளாகத்தான் இருப்பார். ஐந்தாம் வகுப்புக்காரன் கண்ணுக்குத்தான் அது பட்டது.

ஹென்னிங்கைக் கூட்டிக்கொண்டு வந்து கானைக் காட்டினேன். பிறகு ஜன்னலைக் காட்டினேன். டெனிஷ் சொல் வரவில்லை, கையால் தண்ணீர் ஓடுவதுபோலக் காட்டினேன். அவருடைய மூக்கு நுனி சிவந்தது. அந்தக் கிழமையே கூட்டை எடுத்துத் திறந்த வெளிக்குக் கொண்டுபோனோம். வண்டிகள் திரும்பும்போது இடிக்காமல் முன்னால் சீமெந்துக் கட்டை போட்டேன். வெயிலுக்கும் மழைக்கும் தகரம் போட்டேன். பக்கங்களை அடைக்கவில்லை, காற்று ஓடவேண்டும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும், தள்ளிப்போட்டால் விடுபட்டுப்போகும். நான் காஸ் கூட்டுக்குப் பொறுப்பாக இருக்கிறேன் என்று தெரிந்ததும் எங்கள் கோயில் தலைவர் வந்தார், அன்னதானச் சமையலுக்கு.

"ராசையாண்ணை, உங்கட வேலையிடத்துச் சிலிண்டர் ஒண்டு ரெண்டு நாளைக்குத் தாங்கோவன். திருவிழா முடியத் தாறம்."

"தரேலாது."

"சாமி காரியம், அண்ணை."

"சாமிக்கும் தரேலாது. ட்ரக் சிலிண்டர் காஸைத் தண்ணியாத்தான் வெளியிலை விடும். வண்டியிலை அதுக்கெண்டு ஒரு சாமான் இருக்கு, அது தண்ணியைக் காஸாக்கும். அடுப்பிலை பூட்டினால் அடுப்பு நெருப்பைத் துப்பும். சாம்பாரோடை நீங்களும் வெந்துபோவியள்."

தலைவர் மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. அந்த வருடம் கோயிலில் எவரும் வேகவில்லை. அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெண்கட்டி

கூடு ஒழுங்கானது. ஆட்கள் ஒழுங்காகவில்லை.

டெனிஷ் எழுத்தில் இரண்டு பலகை முன்பே தொங்கின. ஒன்று நிறைந்தவற்றுக்கு, மற்றது முடிந்தவற்றுக்கு. ஒருவரும் பார்ப்பதில்லை. போலந்துக்காரருக்கு அந்த எழுத்து ஓடாது. யோகனுக்கு ஓடும், ஆனால் கண்ணாடியைக் காரில் விட்டுவிட்டு வருவான். டெனிஷ்காரர் பழக்கத்தில் வாசிக்க மாட்டார்கள். நானோ டெனிஷ் வாசிக்கவே தெரியாதவன். நிறைந்தவற்றுக்கான பலகைக்குக் கீழே முடிந்ததை வைத்துவிட்டுப் போவார்கள், அடுத்தவர் அதைத் தூக்கிப் பூட்டுவார், வண்டி இழுக்காது, திட்டிக்கொண்டு கழற்றுவார். கழற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காஸ் சீறும். கையுறை இல்லாத கையில் பட்டால் சுட்டதுபோலத் தோல் வெளுத்துப்போகும். என் இடது பெருவிரலில் அந்த வெளுப்பு இப்போதும் இருக்கிறது, வந்தால் காட்டுவேன்.

இரண்டு கிழமை யோசித்தேன். டெனிஷ் வாசிக்கத் தெரியாத எனக்கு எது உடனே விளங்கும்? பூமணி காலையில் பூசி விடும் திருநீறு விளங்கும். கோயிலுக்குப் போய் வந்தவனைத் தூரத்திலேயே தெரியும்.

பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி ஒரு பெட்டி வாங்கினேன். நிறைந்த சிலிண்டர் வந்ததும் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். நெளிவு இருக்கிறதா, வால்வு இறுக்கமா, றப்பர் வளையம் நல்லதா, சவர்க்காரத் தண்ணீரில் குமிழி வருகிறதா. எல்லாம் சரி என்றால் வயிற்றில் மூன்று கோடு. எடுத்துப் பாவிக்கிறவர் வண்டியில் ஏற்ற முதல் கையுறையால் கோட்டை அழித்துவிட வேண்டும். கோடு இல்லை என்றால் முடிந்தது. பழுது என்றால் கழுத்துக்குக் கீழே சிவப்புப் பெயின்றில் ஒரு பொட்டு. பொட்டு வைத்ததை ஒருவரும் தொடக்கூடாது. காஸ் கொண்டுவரும் லொறி வரும்போது நானே ஆளிடம் காட்டி அனுப்புவேன்.

இரண்டு நாளில் எல்லோருக்கும் பிடிபட்டது. போலந்துக்காரர் ஒருவர் என்னைக் கண்டால் காலை வணக்கத்துக்குப் பதிலாகக் காற்றில் மூன்று விரல் இழுத்துக் காட்டுவார். நானும் இழுப்பேன்.

யோகனுக்குத்தான் குறை.

"அண்ணை, ஒரு கேள்வி. கோடு போட்டது எல்லாம் உங்கட ஆக்கள், கோடு போடாதது எல்லாம் எங்கட சபையோ?"

"ஓம். உள்ளுக்கை ஒண்டும் இல்லாதது."

"உள்ளுக்கை கொஞ்சம் மிச்சம் இருக்கெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அந்தக் கொஞ்சம்தான் ஆபத்து. வாயை மூடு எண்டு சொல்லுறது வால்வுக்கும் பொருந்தும், உனக்கும் பொருந்தும்."

வாய் விட்டுச் சிரித்தான். ஆனால் கோடு அழிக்காமல் ஒரு சிலிண்டரை அவன் வண்டியில் ஏற்றியதை நான் ஒருநாளும் காணவில்லை. கண்ணாடி இல்லாவிட்டாலும் கோடு தெரியும் என்பான்.

ஹென்னிங்குக்கு "இல்லை" சொன்ன காலை

மார்கழி போய்த் தை பிறந்துவிட்டது. எனக்கு இன்னும் கதிரை இல்லை. கூட்டிலும், இடைக்கிடை சாக்கு வரிசையிலும் நின்றேன். வீட்டுக்கு வந்தால் பூமணி முழங்காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்ப்பாள். அவளும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

ஒரு காலை, விடிந்து வெளித்த நேரம். நிலமெல்லாம் உறைபனி. இரண்டு லொறி ஏற்றுவதற்குக் காத்து நின்றன, ஓட்டுநர்கள் ஹோர்ன் அடித்தார்கள். ட்ரக் ஒன்றில் காஸ் முடிந்துவிட்டது. ஓட்ட ஆள் போதாமல் ஹென்னிங்கே ஓட்டிக்கொண்டிருந்தார். கூட்டுக்கு ஓடி வந்தவர் கதவோரம் நின்ற ஒரு சிலிண்டரைத் தூக்கினார். பாரமாக இருந்தது. நிறைந்தது என்று எண்ணித் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பினார்.

அதன் கழுத்துக்குக் கீழே சிவப்புப் பொட்டு. முதல் நாள் பின்னேரம் நான் வைத்தது. லொறி வராததால் கதவோரம் நின்றது.

நான் கூட்டுக் கதவில் குறுக்கே நின்றேன்.

"இல்லை," என்றேன்.

"ராசையா, விலத்து. லொறி நிக்குது."

"இல்லை."

"நிறைஞ்சதுதானே? பாரம் தெரியுது."

"நிறைஞ்சதுதான். பழுது."

அவருடைய மூக்கு நுனி சிவந்தது. நான் அந்த நேரம் என்ன நினைத்தேன் என்று உண்மையைச் சொல்கிறேன். கதிரை போய்விட்டது என்று நினைத்தேன். மேற்பார்வையாளரை வழிமறித்தவனுக்கு யார் ட்ரக் கொடுப்பார்கள்? விலத்தியிருந்தால் அவருக்குச் சந்தோசம். சிலிண்டர் ஒருவேளை தாங்கியும் இருக்கும். ஆனால் நான் வைத்த பொட்டை நானே மதிக்காவிட்டால் போலந்துக்காரர் மதிப்பாரா, யோகன் மதிப்பானா?

விலத்தவில்லை.

அவர் சிலிண்டரை இறக்கினார். நான் குனிந்து, இந்த முழங்காலோடு குனிந்து, வாயிலிருந்த பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றிக் காட்டினேன். உள்ளே றப்பர் வளையம் காய்ந்த தோடம்பழத் தோல்போல வெடித்திருந்தது. வால்வின் மரையும் தேய்ந்திருந்தது. பூட்டியிருந்தால் அது வெங்காயத்துக்கு நடுவில் ஒருவருக்கும் தெரியாமல் கசிந்துகொண்டு இருந்திருக்கும்.

ஹென்னிங் வளையத்தைப் பார்த்தார். பிறகு பொட்டைப் பார்த்தார். மூன்று கோடு போட்ட சிலிண்டர் ஒன்றைத் தூக்கி நிமிர்த்தி, கையுறையால் ஒரு இழுவையில் கோட்டை அழித்தார்.

"இப்பிடித்தானே?"

"ஓம்."

"நீயே பூட்டு. பூட்டிப்போட்டு ஏறி ஓட்டு. லொறி நிக்குது எண்டு சொன்னனான்."

வெளியே வைத்தே மாற்றினேன். சிலிண்டரின் துளைக்குள் வண்டியின் முளை சரியாக விழும்படி படுக்கவைத்தேன். அப்போதுதான் பாதுகாப்பு வால்வு மேற்பக்கம் பார்க்கும். கையால் பூட்டினேன், வால்வை மெல்லத் திறந்தேன், தெளித்தேன், பார்த்தேன். பிறகு ஏறி இருந்தேன். கதிரை ஐஸ் கட்டி மாதிரிக் குளிர்ந்தது. அந்தக் குளிர் அவ்வளவு சுகமாக இருந்தது. அதற்குப் பிறகு ஓய்வு எடுக்கும் நாள்வரை என்னை ஒருவரும் அதிலிருந்து இறக்கவில்லை.

ஓல்போர்க்கில் ஒரு பலகை

இந்த இளவேனிலில் யோகனைப் பார்க்க ஓல்போர்க் போனேன். எங்கள் களஞ்சியத்தின் அங்குள்ள கிளையில்தான் இப்போது அவன் வேலை. மகள் தர்சினி கார் ஓட்டினாள். வேலை முடியும் நேரம் வாசலில் நின்றான். "அண்ணை, உங்கட சாமியாரை வந்து பாருங்கோ," என்று பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

அங்கே பெரிய காஸ் கூடு. உள்ளே ட்ரக்குகள் பாதி மின்சாரத்துக்கு மாறிவிட்டன, வெளி வேலைக்கு இன்னும் காஸ்தான். கூட்டு வாசலில் மினுங்கும் பலகை. அதில் மஞ்சள் சிலிண்டர் ஒன்றின் படம். வயிற்றில் மூன்று வெள்ளைக் கோடு. பக்கத்தில் இன்னொன்று, கழுத்துக்குக் கீழே சிவப்புப் பொட்டு. மூன்றாவது வெறும் சிலிண்டர்.

நாட்டின் வடக்கு மூலையில் என் கைக்கோடு அச்சில் நிற்கிறது. கண் கலங்கிவிட்டது, அதையும் ஒளிக்கவில்லை.

"கீழை சின்ன எழுத்திலை என்ன பிள்ளை போட்டிருக்கு?"

தர்சினி டெனிஷில் வாசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள்.

"எங்கட பாதுகாப்புக் குழு உருவாக்கின முறையாம், அப்பா."

"எந்தக் குழு?"

அவள் டெனிஷுக்கு மாறி ஒரு வரி சொன்னாள். எல்லாப் பலகையிலும் அப்படித்தான் எழுதுவார்கள், விடுங்கள் என்பது அதன் பொருள்.

"குழு எப்ப கூட்டுக்கை வந்தது?" என்று யோகனைக் கேட்டேன்.

"நான் நிண்ட காலத்திலை வரேல்லை, அண்ணை. அவைக்குக் குளிர் ஒத்துவராது."

திரும்பும் வழியில் ஹென்னிங் வீட்டில் இறங்கினோம். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார், தோட்டத்தில் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தார். கோப்பி ஊற்றித் தந்தார். நேரே கேட்டேன்.

"அந்தக் கோட்டைப் போட்டது ஆர்?"

"நீ. அதிலை என்ன கேள்வி?"

"அப்ப பலகையிலை ஏன் குழு?"

"மற்றக் களஞ்சியங்களுக்கும் அனுப்புறதுக்கு ஒரு படிவம் நிரப்பினது நான்தான். அதிலை ஆளின்ரை பேருக்கு இடம் இருக்கேல்லை. குழு எண்டு அச்சடிச்சுக் கிடந்தது."

"பிழை விட்டபோது எழுதின படிவத்திலை என்ரை பேருக்கு இடம் இருந்ததே?"

அவர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது உண்மை," என்றார். "நிர்வாகத்துக்கு எழுது, நான் கையெழுத்து வைச்சுத் தாறன். நீ கேள்."

ஆகவே கேட்கிறேன்

நான் நன்றி மறந்தவன் இல்லை. ஹென்னிங் அன்றைக்கு என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இந்தத் தொடரை எழுத என்னிடம் கதையே இருந்திருக்காது. அவருடைய விரல் வெந்ததற்கும், தன் பெயரை முதலில் எழுதியதற்கும் நான் என்ன கைம்மாறு செய்ய? யோகனுக்கும் நன்றி. என்னைப் பகிடி பண்ணியபடியே ஒவ்வொரு சிலிண்டரிலும் கோட்டை அழித்தான். பூமணிக்குச் சொல்லி முடியாது. பலகைக்கு மையும் பிளாஸ்ரிக்கும் செலவழித்து அதைத் தொங்கவிட்ட நிர்வாகத்துக்கும் நன்றி, அதைப் பார்த்து எத்தனையோ பேர் சேதமில்லாமல் வீடு போகிறார்கள்.

நன்றியெல்லாம் சொல்லிவிட்டேன். இனி என் பக்கம்.

தர்சினி டெனிஷில் கடிதம் எழுதி, ஹென்னிங் கீழே கையெழுத்து வைத்து, நிர்வாகத்துக்கு அனுப்பியாயிற்று. பதில் இன்னும் வரவில்லை. இங்கே தமிழிலும் அதையே எழுதுகிறேன், வாசிக்கிற நீங்கள் சாட்சி. பரிசு வேண்டாம். மேடை வேண்டாம். குழு என்ற சொல்லை அழிக்கச் சொல்லவில்லை, அது பாவம், இருந்துவிட்டுப் போகட்டும். அந்த வரிக்கு மேலே நாலு விரல் அகலத்துக்கு வெறும் இடம் இருக்கிறது. கை வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அந்த இடத்தில், குழுவைவிடப் பெரிய எழுத்தில், இதைச் செய்தவன் செல்லத்துரை இராசையா என்று போடுங்கள்.